பழங்கடிதங்களைப் பதிப்பிக்கும் முறை

ஒரு புலவருடைய அல்லது எழுத்தாளருடைய கடிதக் கட்டு கைக்கு வந்துசேர்ந்தவுடன் அதைப் பிரித்துப் படிக்கவே மனம் விரையும். அந்த ஆசையை ஒரு நாளாவது அடக்கிவைக்க வேண்டும். கடிதங்கள் எந்த வரிசையில் இருந்தன, எதனோடு எது மடித்து வைக்கப்பட்டிருந்தது, எந்த உறைக்குள் எது இருந்தது என்பவையெல்லாம் சான்றுகள். கட்டை அவிழ்த்துத் தரையில் பரப்பிவிட்டால் அவற்றை மீண்டும் பெற முடியாது. வந்த கடிதங்களை வளைந்த கம்பியில் குத்திச் சுவரில் தொங்கவிடும் வழக்கம் நம் வீடுகளில் இருந்தது. அப்படிக் குத்திய கடிதங்களில் அடியில் இருப்பது முந்தியது, மேலே இருப்பது பிந்தியது. தேதியே எழுதப்படாத ஒரு கார்டு, தேதியுள்ள இரண்டு கடிதங்களுக்கு நடுவே கம்பியில் இருந்ததென்றால் அதன் காலம் ஏறக்குறையத் தெரிந்துவிடும்.

நான் முதன்முதலாகக் கையாண்ட தொகுதியில் உறைகளின் தபால்தலைகளைச் சேகரிப்புக்காக யாரோ வெட்டி எடுத்திருந்தார்கள். தலையோடு முத்திரையும் போய்விட்டது. முத்திரை இருந்திருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும் ஆண்டை, கடிதத்தின் உள்ளிருந்தே ஊகித்தறிய எனக்கு மாதக்கணக்கில் ஆயிற்று. ஆகையால் கடிதம் வைத்திருக்கும் குடும்பத்தாரிடம் முதலில் சொல்ல வேண்டியது, உறையையும் வெற்றுத் தாளையும் கடிதத்தோடு சேர்த்தே வைத்திருங்கள் என்பதுதான்.

முதல் நாள் வேலை எளிது, ஆனால் பொறுமை வேண்டும். கடிதங்கள் இருக்கும் வரிசையிலேயே ஒவ்வொன்றின் ஓரத்திலும் மென்மையான பென்சிலால் ஓர் எண் இட வேண்டும். பேனா கூடவே கூடாது. எழுத்தில்லாத பக்கம் உட்பட எல்லாப் பக்கங்களையும் படம் எடுக்க வேண்டும். துருவேறிய குண்டூசிகளை இழுக்காமல் மெல்ல விரித்துக் கழற்ற வேண்டும். கிழிந்த இடத்தில் ஒட்டும் டேப் போடுவதும், தாளை லாமினேட் செய்வதும் கடிதத்தைக் கொல்லும் செயல்கள். நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட அந்த இரண்டாலும் அழிந்த கடிதங்கள், கரையானால் அழிந்தவற்றுக்குக் குறைந்தவையல்ல என்றே நினைக்கிறேன். தாளின் நிறம், மையின் நிறம், மடிப்பு, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருக்கிறதா என்பது வரை குறித்துக்கொள்ள வேண்டும். மஞ்சள் இருந்தால் அது சுபச் செய்தி கொண்டுவந்த கடிதம். அதற்கு மறுபுறமாக, சாவுச் செய்தி வந்த கடிதத்தைப் படித்தவுடன் கிழித்துப் போட்டுவிடுவது வழக்கம், வீட்டில் வைக்கமாட்டார்கள். ஒரு தொகுதியில் மரணச் செய்திகளே இல்லாதிருப்பதைப் பார்த்து, அந்தக் குடும்பத்துக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

அடுத்து, கையில் இருப்பது உரையாடலின் எந்தப் பாதி என்று தெளிய வேண்டும். கடிதம் எழுதியவரிடம் தங்குவதில்லை, பெற்றவரிடமே தங்குகிறது. சென்னை பெசன்ட் நகரில் உள்ள உ.வே. சாமிநாதையர் நூலகத்தில் இருக்கும் கடிதங்கள் பெரும்பாலும் அவருக்கு மற்றவர்கள் எழுதியவை. அவர் எழுதிய பதில்கள் தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் பிற இடங்களிலுமாக அவற்றைப் பெற்றவர்களின் வீடுகளுக்குச் சென்றுவிட்டன. அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சனின் நிலை இதற்கு நேர்மாறானது. 1886இல் அவர் இறந்தபின், அவருக்கு வந்திருந்த கடிதங்களை அவருடைய விருப்பப்படியே தங்கை லவினியா எரித்துவிட்டார். டிக்கின்சன் எழுதியவையோ பெற்றவர்கள் வைத்திருந்ததால் நமக்குக் கிடைக்கின்றன. எந்தப் பாதி இல்லை என்பதை முன்னுரையின் முதல் பக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாத பாதியைத் தேடிச் செல்வதும் பதிப்பாசிரியரின் வேலைதான். கடிதங்களில் வரும் ஒவ்வொரு பெயரையும் பட்டியலிட்டு, அவர்களுடைய ஊரையும் வழித்தோன்றல்களையும் தேடிக் கடிதம் எழுத வேண்டும். பத்துக்கு ஒன்பது பேர் எதுவும் இல்லை என்பார்கள். பத்தாமவர் பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்குவார்.

படியெடுத்தல்

கையெழுத்தைப் பார்த்துப் படியெடுப்பதற்கு முன்னால், எழுதியவரின் கைக்குப் பழகிக்கொள்ள வேண்டும். தேதியும் பொருளும் தெளிவாக உள்ள நான்கைந்து கடிதங்களை எடுத்து, அவர் ஒவ்வொரு எழுத்தையும் எப்படி வரைகிறார் என்று ஒரு தாளில் வரைந்துவைத்துக்கொள்வது நல்லது. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கையெழுத்தில் மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இராது. துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே தோன்றும். எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபடுத்தப்படாமல் இருக்கும். சொல்லைப் பொருளால்தான் தீர்மானிக்க வேண்டியிருக்கும். இவற்றோடு குறியீடுகளும் உண்டு: ஆண்டுக்கு ௵, மாதத்துக்கு ௴, நாளுக்கு ௳, மேற்படிக்கு ௸, ரூபாய்க்கு ௹. ௰, ௱, ௲ என்ற தமிழ் எண்களைப் படிக்கத் தெரியாமல் கணக்குள்ள எந்தக் கடிதத்தையும் தொடவே கூடாது. ம-ள-ள-ஸ்ரீ என்று வருவது மகாராஜராஜஸ்ரீ என்பதன் சுருக்கம். அதைப் பெயரின் முன்னெழுத்துகளாகக் கருதி, நூலின் இறுதியில் வரும் பெயரடைவில் சேர்த்துவிடும் பிழை எளிதில் நேரக்கூடியது.

எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்பதில் என் நிலைப்பாடு இது. புள்ளி இடுவதும், குறில் நெடிலை வேறுபடுத்துவதும், 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய பழைய ணை, லை, னை வடிவங்களை இன்றைய வடிவில் தருவதும் வரிவடிவம் பற்றியவை. அவற்றைச் செய்யலாம், செய்ததாகப் பதிப்புக் குறிப்பில் ஒரே ஒரு முறை சொன்னால் போதும். வருஷத்தை ஆண்டு என்றும், க்ஷேமத்தை நலம் என்றும், விக்ஞாபனத்தை விண்ணப்பம் என்றும் மாற்றுவது எழுதியவரின் மொழியை மாற்றுவது, அது கூடாது. சந்தி சேர்ப்பதும் கூடாது. பெரும்புலவர் ஒருவர் அவசரத்தில் ஒற்று விட்டு எழுதியிருந்தால் அவருடைய மரியாதையைக் காப்பதாக நினைத்து அதை நாம் இட்டு நிரப்ப வேண்டியதில்லை. அவர் அச்சுக்கு எழுதவில்லை, ஒரு நண்பருக்கு எழுதினார். நிறுத்தற்குறியே இல்லாத நீண்ட கடிதத்தில் வாசகர் மூச்சுத் திணறாமலிருக்கச் சில இடங்களில் முற்றுப்புள்ளி சேர்க்கலாம் என்பது மட்டும் நான் தயக்கத்தோடு ஒப்புக்கொள்ளும் சலுகை.

படிக்க முடியாத சொல்லைப் பகர அடைப்புக்குள், அதாவது [ ] என்ற குறிக்குள், புள்ளிகளாகக் காட்ட வேண்டும். ஊகித்துப் படித்த சொல்லையும் அதே அடைப்புக்குள் தர வேண்டும்; அடைப்பில்லாத ஒவ்வொரு எழுத்தும் தாளில் கண்ணால் கண்ட எழுத்து என்ற உறுதி வாசகருக்கு வேண்டும். கம்பி குத்திய துளை ஒரு சொல்லைத் தின்றிருந்தால், துளையால் சிதைந்தது என்று காரணத்தையும் குறிப்பிட வேண்டும். அடித்த சொற்களை விட்டுவிடுவது பெரும் இழப்பு. ஒருவர் ‘தாங்கள் சொன்னபடி’ என்று தொடங்கி, அதை அடித்துவிட்டு ‘நான் முன்பே நினைத்தபடி’ என்று எழுதியிருந்தால், அந்த அடித்தல் அந்த உறவைப் பற்றி ஒரு பக்கக் கட்டுரையைவிட அதிகம் சொல்லிவிடுகிறது. வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் அடித்த எழுத்தின் பள்ளம் பெரும்பாலும் தெரியும்.

ஒரு நாளைக்கு எத்தனை கடிதம் படியெடுக்கலாம் என்று என்னிடம் கேட்டால் மூன்று அல்லது நான்கு என்பேன். அதற்கு மேல் கண் தனக்குப் பழகிய சொல்லைத் தாளில் இல்லாத இடத்திலும் காணத் தொடங்கிவிடும். காலையில் படியெடுத்ததை அன்றே சரிபார்க்காமல் மறுநாள் சரிபார்ப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

காலத்தை நிறுவுதல்

கடிதப் பதிப்பின் உயிர் இதுதான். சொல்லில் பிழை நேர்ந்தால் ஒரு வரி கெடும். ஆண்டில் பிழை நேர்ந்தால் கடிதம் வேறொருவருடைய வாழ்க்கைக்குள் போய் உட்கார்ந்துவிடும், அதன் மேல் எழுப்பப்படும் ஆராய்ச்சியும் சரிந்துவிடும்.

தமிழ்க் கடிதங்களில் ஆண்டுப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒரு முறை திரும்ப வருகிறது. ஆனந்த வருஷம் மாசி மாதம் என்று மட்டும் இருந்தால் அது 1855 பிப்ரவரி-மார்ச்சாகவும் இருக்கலாம், 1915 பிப்ரவரி-மார்ச்சாகவும் இருக்கலாம். இங்கே இன்னொரு பொறியும் இருக்கிறது. ஆனந்த வருஷம் 1854 ஏப்ரலில் பிறந்தது. ஆகவே அட்டவணையில் ஆனந்த என்பதற்கு நேரே 1854 என்று கண்டு, மாசி மாதக் கடிதத்துக்கும் 1854 என்று எழுதிவிடுவார்கள். உ.வே. சாமிநாதையர் பிறந்தது ஆனந்த வருஷம் மாசி மாதம், அதாவது 1855 பிப்ரவரி 19. மார்கழியின் பிற்பாதி, தை, மாசி, பங்குனி ஆகியவற்றுக்கு ஆங்கில ஆண்டை ஒன்று கூட்ட வேண்டும் என்பதை மேசைக்கு எதிரே எழுதி ஒட்டிவைத்துக்கொள்ளலாம். நான் ஒட்டிவைத்திருக்கிறேன், ஏனென்றால் மெய்ப்பு நிலை வரை போன ஒரு தொகுதியில் இந்தப் பிழையை நானே பதினொரு கடிதங்களில் செய்திருந்தேன்.

எந்த அறுபது என்பதைக் கிழமை தீர்த்துவைக்கும். அறுபது ஆண்டு கழித்து அதே தமிழ்த் தேதி வரும்போது கிழமை ஐந்து அல்லது ஆறு நாள் தள்ளியே விழும். ஒரே கிழமையில் விழாது. எனவே தேதியோடு கிழமையும் எழுதப்பட்டிருந்தால், எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை வகுத்தளித்த காலக்கணிப்பு அட்டவணைகளையோ பழைய பஞ்சாங்கத்தையோ வைத்து முடிவு கண்டுவிடலாம். திருநெல்வேலிப் பக்கத்துக் கடிதங்களில் கொல்லம் ஆண்டு வரும். அங்கே ஆண்டு ஆவணியில் பிறக்கும். ஆவணி முதல் டிசம்பர் வரைக்கும் 824, அதன் பிறகு 825 கூட்ட வேண்டும். கொல்லம் 1080 ஆவணி என்பது 1904, அதே ஆண்டின் மாசி 1905.

தேதியே இல்லாதபோது தாளும் தபாலும் பேசும். இந்தியாவில் அஞ்சலட்டை 1879 ஜூலையில் கால் அணா விலையில் வந்தது. 1922இல் அது அரையணாவாயிற்று. தலையில் எட்வர்டு மன்னர் இருந்தால் கடிதம் 1902க்கு முந்தியதாக இருக்க முடியாது. நயா பைசா இருந்தால் 1957க்குப் பிந்தியது. விலாசத்தில் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. ஆனால் பழைய கார்டுகளை வாங்கி வைத்திருந்து பின்னால் எழுதுபவர்கள் உண்டு என்பதால், இவை ‘இதற்கு முந்தியதல்ல’ என்பதை மட்டுமே நிறுவும். இதுவரைதான் என்ற மறு எல்லையை வேறிடத்தில் தேட வேண்டும்.

அந்த மறு எல்லையை விலாசமே பலமுறை தருகிறது. சாமிநாதையர் 1880இல் கும்பகோணம் கல்லூரியில் சேர்ந்தார், 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறினார். கும்பகோணம் கல்லூரி விலாசத்துக்கு வந்த கடிதம் அந்த இருபத்து மூன்று ஆண்டுகளுக்குள் அடங்கும். உறையில் மகாமகோபாத்தியாய என்றிருந்தால் 1906க்குப் பிறகு, தாட்சிணாத்ய கலாநிதி என்று சேர்ந்திருந்தால் 1925க்குப் பிறகு, டாக்டர் என்றிருந்தால் 1932க்குப் பிறகு. பட்டம் இல்லையென்பதைக் கொண்டு முந்தியது என்று சொல்லிவிட முடியாது, எழுதியவருக்குப் பட்டத்தில் அக்கறை இல்லாமலிருக்கலாம். பட்டம் இருப்பது மட்டுமே சான்று. உள்ளடக்கத்திலும் இப்படியே: அவருடைய சீவகசிந்தாமணிப் பதிப்பு 1887இல் வந்தது, பத்துப்பாட்டு 1889இல், சிலப்பதிகாரம் 1892இல், புறநானூறு 1894இல், மணிமேகலை 1898இல். ‘சிலப்பதிகாரம் வரப்பெற்றேன், புறநானூறு எப்போது வெளிவரும்’ என்று ஒருவர் கேட்டிருந்தால், அந்தக் கடிதத்தின் இரண்டு எல்லைகளும் ஒரே வரியில் கிடைத்துவிடுகின்றன.

இப்படி நிறுவிய தேதியை எப்போதும் பகர அடைப்புக்குள் தந்து, எந்தச் சான்றால் என்று அடியில் ஒரு வரி எழுத வேண்டும். டிக்கின்சன் தம் பிற்காலக் கடிதங்களில் பெரும்பாலானவற்றுக்குத் தேதியிடவில்லை. 1958இல் தாமஸ் ஜான்சனும் தியடோரா வார்டும் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட பதிப்பில், ஆண்டுதோறும் அவருடைய கையெழுத்து மாறிவந்ததை அடிப்படையாகக் கொண்டு காலம் கணித்தார்கள். 2024இல் கிறிஸ்டான் மில்லரும் டோம்னல் மிச்சலும் 1304 கடிதங்களோடு புதிய பதிப்பைக் கொண்டுவந்தபோது பல கடிதங்களின் காலத்தை மீண்டும் ஆராய்ந்தார்கள். முன்னவர்கள் தங்கள் சான்றுகளைத் திறந்து வைத்திருந்ததால்தான் பின்னவர்களால் அவற்றை எடைபோட முடிந்தது.

குறிப்பும் நீக்கமும்

குறிப்பு எழுதும்போது, கடிதம் பெற்றவருக்கு அன்று தெரிந்திருந்த எது இன்றைய வாசகருக்குத் தெரியாதோ அதை மட்டும் எழுத வேண்டும். ‘அந்தப் புஸ்தகம்’ எது, ‘முதலியாரவர்கள்’ எந்த முதலியார், ‘முன் சொன்ன தொகை’ எவ்வளவு, எதற்காக என்பவையே வாசகர் கேட்கும் கேள்விகள். கடிதத்தின் கோரிக்கை என்ன ஆயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். 1867இல் திருவருட்பா அச்சேறிய காலத்தில், இராமலிங்கசாமி என்று தம் பெயரை வழங்குவது ஆரவாரமாகத் தோன்றுகிறது, அது வேண்டாம் என்று வள்ளலார் இறுக்கம் இரத்தின முதலியாருக்கு எழுதினார். இந்தக் கடிதத்தை மட்டும் அச்சிட்டுவிட்டு நிறுத்தினால், நூலின் முகப்பில் என்ன பெயர் வந்தது என்று வாசகர் வேறொரு நூலைத் தேடிப்போக வேண்டும். அவருடைய மாணவர் தொழுவூர் வேலாயுத முதலியார் வழங்கிய திருவருட்பிரகாச வள்ளலார் என்ற பெயரே முகப்பில் இடம்பெற்றது என்று ஒரு வரி எழுதினால் கடிதம் முழுமை பெறுகிறது. பதிப்பாசிரியரின் இலக்கிய மதிப்பீடு அடிக்குறிப்பில் வேண்டியதில்லை. அதற்கு முன்னுரை இருக்கிறது.

கடிதம் பெற்றவர் நம்மோடு இருக்கும்போதே அவரிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். கு. அழகிரிசாமி தமக்கு எழுதிய கடிதங்களை கி. ராஜநாராயணன் பாதுகாத்துத் தாமே வெளியிட்டார். அவர்கள் இருவருக்கும் சொந்த ஊரான இடைசெவலின் ஆட்களையும் வழக்குகளையும் அவரைப் போலத் தெளிவுபடுத்த ஊர் தெரியாத எந்த ஆராய்ச்சியாளராலும் முடியாது. உங்கள் தொகுதிக்கு அப்படி ஒருவர் இருந்தால், படியெடுக்கும் வேலையைக்கூடத் தள்ளிவைத்துவிட்டு முதலில் அவரிடம் போங்கள்.

கடன், நோய், குடும்பச் சண்டை, சாதிப் பெயர் சொல்லி வசை ஆகியவை பழைய கடிதங்களில் வரத்தான் செய்யும். புதுமைப்பித்தன் மனைவிக்கு எழுதிய கடிதங்கள் அச்சில் வந்தபோது வாசகர்கள் கண்டது ஒரு சிறுகதை மேதையின் வறுமையையும் பிரிவுத்துயரையும்தான்; அவற்றை மூடிவைத்திருந்தால் அவருடைய கடைசி ஆண்டுகளை நாம் அறிந்திருக்கவே மாட்டோம். எனவே எழுதியவரின் பெருமைக்குக் குறைவு என்ற காரணத்துக்காக எதையும் நீக்கக் கூடாது என்பதே என் கருத்து. இன்று உயிரோடிருக்கும் ஒருவரை நேரடியாகப் புண்படுத்தும் வரியை மட்டும், குடும்பத்தார் கேட்டுக்கொண்டால், நீக்கலாம். நீக்கிய இடத்தைக் காட்டி, எத்தனை வரி என்றும் சொல்ல வேண்டும். சொல்லாமல் நீக்குவது வாசகரை ஏமாற்றுவது.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. கடிதத்தாள் பெற்றவருக்குச் சொந்தம். அதிலுள்ள எழுத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் சொந்தம். தாளைக் கொடுத்தவரின் சம்மதம் போதும் என்று நினைத்துத்தான் பலர் சிக்கலில் மாட்டுகிறார்கள். 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் உரிமை, எழுதியவர் இறந்தபின் 60 ஆண்டு நீடிக்கும். ஆனால் அவர் வாழ்நாளில் வெளிவராமல் பின்னர் முதன்முறையாக அச்சேறும் எழுத்துக்கு அந்த 60 ஆண்டு வெளியீட்டிலிருந்து கணக்கிடப்படுகிறது. கடிதங்கள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையில் சேருமாகையால், நூறு ஆண்டுப் பழமை என்ற தைரியத்தில் இறங்காமல், வாரிசுகளிடம் எழுத்து மூலமான அனுமதி வாங்கிவிடுவதே நல்லது.

மெய்ப்பு பார்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மூலக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உரக்கப் படிக்க, மற்றவர் அச்சுப் பிரதியைப் பின்தொடர வேண்டும். படிப்பவர் ‘கால் இல்லை’, ‘ஒற்று இல்லை’, ‘அடித்திருக்கிறது’ என்று எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பதிப்பாசிரியர் இரண்டாமவராக இருப்பதே நல்லது, ஏனென்றால் அவர் கடிதத்தை மனப்பாடமாக அறிந்திருப்பார், மூலத்தைப் படிக்கும்போது மனப்பாடம் கண்ணை மறைக்கும். அதன் பிறகு பெயரடைவு. சி.வை. தாமோதரம் பிள்ளை என்ற ஒரே மனிதர் பிள்ளையவர்கள், மாமா, சி.வை.தா., ராவ்பகதூர் என்று நான்கு விதமாக வருவார். நான்கையும் ஒரு தலைப்பின் கீழ் கொண்டுவந்து, ஒவ்வொன்றிலிருந்தும் அங்கே கைகாட்ட வேண்டும்.

மூலக் கடிதங்களைக் குடும்பத்தாரிடம் திருப்பித் தரும்போது எண்ணிட்ட பட்டியல் ஒன்றையும் ஒரு தொகுதிப் படங்களையும் சேர்த்துக் கொடுத்து, அவர்களுக்கு விருப்பமிருந்தால் சென்னையில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஒன்றில் ஒப்படைக்கும் வழியையும் எடுத்துச் சொல்லலாம். நூலுக்குள் கடிதங்களுக்குத் தொடர் எண் கொடுக்கும்போது, பின்னால் வருவதற்கு இடம் விட்டு வகுத்துக்கொள்ள வேண்டும். புத்தகம் வெளிவந்த செய்தியைக் கேட்டுத்தான் பலர் தங்கள் வீட்டுப் பெட்டியைத் திறக்கிறார்கள். 112ஆம் கடிதத்துக்குப் பதிலாக எழுதப்பட்ட கார்டு அடுத்த மாதம் வந்து சேர்ந்தால், அதை 112அ என்று அதன் இடத்திலேயே அடுத்த பதிப்பில் வைத்துவிடலாம்.